கோதண்டம் நிற்கிறான்

பென்னலூர்,
6.11.2011, ஞாயிறு.

அன்பு மகள் கலைமணிக்கு அப்பா கோதண்டம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் கொட்டகையில் இருக்கிற செவலைப் பசுவும் நல்ல சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளை மகாராஜாவும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் சுகமாக இருக்க வல்லக்கோட்டை முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முன்பு நான் கடுதாசி எழுதினால் சுகம் என்கிற வார்த்தையே வரிக்குக் கீழே சரிந்து போய்க் கிடக்கும், இப்போது பார், கோட்டின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. உறையின் மேல் அனுப்புநர் பெயரில் ராஜாமணி என்று உன் அம்மா பெயரைப் போட்டால் நீ உடனே பிரிப்பாய் என்று ஒரு யோசனை வந்தது. அதுவும் ஒரு பொய்தானே என்று விட்டுவிட்டு என் பெயரையே போட்டேன். இந்த வரியை நீ படிக்கிறாய் என்றால் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய். அதற்கே உனக்கு ஒரு கும்பிடு.

போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று நீ கேட்க மாட்டாய், என் போனை நீ எடுத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எடுத்தாலும் எனக்குப் போன் சரிவராது, மூன்றாவது வார்த்தையில் விளையாட்டாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நீ அம்மாவைக் கூப்பிடுகிறாய், அவள் டவர் கிடைக்கிற இடம் தேடிக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பேசிவிட்டு வந்து, உங்களையும் விசாரிச்சா என்று என்னிடம் சொல்வாள். நானும் தலையை ஆட்டுவேன். போன மாதம் ஒரு ஞாயிறு கையெல்லாம் மாவு ஒட்டியிருக்கிறது என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் குளிக்கிற மறைப்புக்குள் இருந்தேன். நீ பசு சினை பிடித்ததா என்று கேட்டாய், அம்சவல்லி அக்காவுக்கு முட்டி வலி தேவலையா என்று கேட்டாய், செம்பருத்தி பூக்கிறதா என்று கூடக் கேட்டாய். உடம்பில் சோப்பு காய்ந்து தோலைப் பிடித்து இழுக்கும் வரை நின்று கேட்டேன். என் முறை வரவே இல்லை. வெளியே வந்ததும் உன் அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், உங்களையும் விசாரிச்சா என்றாள். நான், அப்படியா சந்தோஷம் என்றேன். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதினைந்து வருஷமாக அவருக்கு ஜுரம், அவருக்கு வயிற்றுவலி, அவர் ஊரில் இல்லை என்று எனக்காக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். நான் குடியை விட்டு ஒரு வருஷம் மூன்று மாதம் ஆகிறது, அவள்தான் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை.

வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தோட்ட வேலை, காண்டிராக்டுதான், பச்சைச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். இத்தனை காலம் வயலில் புல்லைப் பிடுங்கினவனைக் கூப்பிட்டுப் புல்லை வளர்க்கச் சொல்கிறார்கள், வளர்க்கிறேன். புல் வெட்டுகிற மெஷினை என் கையில் கொடுக்க சூப்பர்வைசர் ஆறு மாதம் யோசித்தார், இப்போது சாவியே என்னிடம்தான் இருக்கிறது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது என்று பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு அம்மாவுக்கு நீ அனுப்பின புடவை வந்தது, மாப்பிள்ளை எனக்கென்று உள்ளே தனியாக ஒரு சட்டை வைத்திருந்தார். அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ, தெரியாது என்றால் அவரைக் கோபித்துக்கொள்ளாதே, சட்டை எனக்கு இரண்டு விரல் பெரியது, பாவம் அவரிடம் என் அளவு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஞாயிறு சாயந்திரம் போகிற கூட்டத்தைப் பற்றி அம்மா சொல்லியிருப்பாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறை, குடியை விட்டவர்கள் பத்துப் பதினைந்து பேர் குழந்தைகள் உட்காருகிற பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்துகொண்டு பேசுவோம், பின்னால் கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு இருக்கும். நடத்துகிறவர் அந்தோணிராஜ் என்று தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், விட்டு ஏழு வருஷம் ஆகிறது. நல்ல மனுஷன், சிரிக்கவே மாட்டார். குடித்த காலத்தில் யார் யாருக்கெல்லாம் கெடுதல் செய்தாயோ எல்லார் பெயரையும் ஒரு தாளில் எழுது, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போ, செய்ததை அப்படியே சொல்லி மன்னிப்புக் கேள், பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காதே என்றார். நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, இதென்ன வாக்காளர் பட்டியலா என்று கேட்டார். அது ஒன்றுதான் அவர் சொன்ன தமாஷ், அதுவும் தெரியாமல் சொன்னது, பின்னால் எனக்கு அதுவே வினையாக வந்தது.

அவர் வைத்த இன்னொரு சட்டம்தான் கஷ்டமானது. மன்னிப்புக் கேட்கும்போது ஆனால் என்ற வார்த்தை வரவே கூடாது. "அண்ணாச்சி, ஆனான்னு ஒரு சொல்லு வந்துட்டுன்னா அது மன்னிப்பு கெடையாது, வக்கீல் நோட்டீசு" என்றார். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஒரு நாள் நீ முயற்சி செய்து பார். எனக்கு மூச்சு விடுகிற மாதிரி அந்த வார்த்தை வருகிறது. இந்தக் கடுதாசியில் அங்கங்கே மை தீற்றி அடித்திருக்கிறேனே, எல்லாம் அதுதான். அடித்ததற்கு அடியில் வேறு ஏதோ எழுதி மறைத்திருக்கிறேன் என்று நினைக்காதே, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உனக்கே தெரியும்.

முதலில் எதிர்வீட்டு அம்சவல்லியிடம் போனேன். நீ எட்டாவது படித்தபோது ஒரு நாள் நம் வீடு என்று நினைத்து அவள் வீட்டுக்குள் போய், அவள் புருஷனைப் பார்த்து யாருடா நீ என் வூட்டில் என்று கேட்டு, அவனுக்குப் போட்ட சோற்றை நான் சாப்பிட்டு, குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு அங்கேயே படுத்தேனே, அதை ஒரு ஆனால் இல்லாமல் சொல்லி முடித்துக் கைகூப்பினேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "உள்ள வந்ததை அன்னிக்கே வுட்டுட்டேன், அண்ணாத்தே. எங்க வூட்டுக்காரரை மிரட்டினதையும் வுட்டுட்டேன், அவரை யாராச்சும் மிரட்ட வேண்டியதுதான். உப்பில்லன்னு சொன்னே பாரு, அதை மட்டும் வுட மாட்டேன்." பத்து வருஷமாக அந்தக் குழம்பு அவள் மனதில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் வீட்டிலிருந்து இறங்கினபோதுதான் கூத்து ஆரம்பித்தது. இது நடந்தது புரட்டாசி மாதம், ஊராட்சித் தேர்தல் அறிவித்து வேட்புமனு வாங்கிக்கொண்டிருந்த வாரம். நானோ மன்னிப்புக் கேட்கப் போகிறோமே என்று வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை, கையில் பெயர் எழுதின தாள். பக்கத்தில் துணைக்கு வந்த அந்தோணிராஜும் வெள்ளைச் சட்டை, அவர் கக்கத்தில் டைரி. வீடு வீடாக ஏறிக் கைகூப்பிக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், நீயே சொல். சாயந்திரத்துக்குள் கோதண்டம் வார்டு மெம்பருக்கு நிற்கிறான் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. பதினைந்து வருஷமாக நிற்க முடியாமல் கிடந்தவன் திடீரென்று நிற்கிறான் என்றால் ஜனங்களுக்கு ஆச்சரியம் இருக்காதா. சின்னம் என்ன என்று கேட்டார்கள். எனக்குச் சின்னம் கிடையாது என்றால், இன்னும் ஒதுக்கலியா என்று கேட்டார்கள்.

மூன்றாம் வீட்டு மரகதத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். மார்கழி மாதக் கோலப்போட்டி அன்று அவள் போட்ட இருபத்தொரு புள்ளிக் கோலத்தின் மேல் போய் விழுந்து, பரிசு கொடுக்கிறவர்கள் வந்து பார்க்கும்போதும் நான் அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் அவள் காதிலேயே வாங்கவில்லை. தெருமுனையோடு நிற்கிற தண்ணீர் பைப்பை உள்ளே கொண்டு வந்தால் அவள் வீட்டு நாலு ஓட்டும் எனக்குத்தான் என்றாள். எனக்கு ஓட்டு வேண்டாம் தாயே, மன்னித்தால் போதும் என்றேன். மன்னிப்பை ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டாள். அந்தோணிராஜ் டைரியில் பைப் என்று குறித்துக்கொண்டார், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

உண்மையாகவே நிற்கிற நடேசனுக்கு இந்தச் செய்தி போய், அவன் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு நாலு பேரோடு நம் வீட்டுக்கு வந்தான். யார் பின்னால் இருந்து என்னை நிற்க வைக்கிறார்கள் என்று கேட்டான். நடேசா, நீயும் என் பட்டியலில் இருக்கிறாய், நானே உன் வீட்டுக்கு வரவேண்டியவன் என்றேன், அவன் முகம் வெளுத்துவிட்டது. சரி, ஆள் வந்தபோதே முடித்துவிடலாம் என்று எழுந்து நின்று கைகூப்பி, ஆடி மாதம் கூழ் ஊற்றின அன்று நான் மைக்கைப் பிடுங்கி, நடேசன் மீசைக்கு மை போடுகிறான் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னது தப்பு, மன்னித்துவிடு என்றேன். கூட வந்த நாலு பேரும் அவன் மீசையைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் வேறு ஊர், அவர்களுக்கு அதுவரை விஷயம் தெரியாது. நடேசன் ஜாங்கிரிப் பெட்டியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "யோவ், அதை இன்னாத்துக்கு மறுபடியும் சொல்றே" என்று மெதுவாகக் கேட்டான். கோபம்கூட இல்லை அவன் குரலில். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்று சிரிப்போடு போய்விட்டது, அப்புறம் ஜாங்கிரி சாப்பிட்டோம். தேர்தலில் அவன்தான் ஜெயித்தான். நான் எங்கே நின்றுவிடப் போகிறேனோ என்ற பயத்தில் பைப் கொண்டு வருவதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தான், இப்போது நம் தெருவில் குழி வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கோதண்டம் நின்றதால்தான் வந்தது என்று மரகதம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோலத்தை மன்னித்தாளா என்று இன்னும் தெரியவில்லை.

இதையெல்லாம் போன மாதக் குடும்பக் கூட்டத்தில் சொன்னேன். மாதத்தில் ஒரு ஞாயிறு குடிக்கிறவர்கள் வீட்டு ஆட்களும் வரலாம், அன்றைக்கு அறை நிரம்பி வழியும். சிரித்துச் சிரித்து ஒருவர் பெஞ்சிலிருந்து விழப் பார்த்தார். எனக்கு ஜனங்கள் சிரித்தால் நிறுத்தத் தெரியாதே, கை தட்டினார்கள் என்று உன் கல்யாணக் கதையையும் எடுத்து விட்டேன். அந்தக் கதையை நான் எத்தனை டீக்கடையில் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஊரில் மறுவீட்டு விருந்தில், அவர் அப்பா அம்மா முன்னால், பந்தியில் உட்கார்ந்து சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நீ இலையில் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். அதற்கு அப்புறம் நீ என்னோடு பேசவில்லை. இந்தத் தடவைதான் கடைசி, இனி எங்கேயும் சொல்ல மாட்டேன், அதில் பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்று உனக்குக் காட்டுவதற்காக ஒரு தடவை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் சொல்கிற கதை இதுதான். ரெண்டாயிரத்து ஒன்பது ஆவணி, வல்லக்கோட்டைக் கோயிலில் ஏழரையிலிருந்து ஒன்பது முகூர்த்தம். நீங்கள் எல்லாரும் விடிவதற்கு முன்பே வேனில் போய்விட்டீர்கள். நான் பின்னால் வாடகை பஸ்ஸில் சொந்தக்காரர்களோடு வரவேண்டும், உன்னைத் தாரை வார்த்துக் கொடுப்பதற்கென்று நம் மரத்துத் தேங்காய் ஒன்றுக்கு மஞ்சள் பூசி சாமி மாடத்தில் வைத்திருந்தோமே, அதை மறக்காமல் கொண்டு வரவேண்டும். நான் கொஞ்சம் போட்டுவிட்டு, டீக்கடை முன்னால் நின்ற வெள்ளை பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டேன். கண் விழித்தால் அது கம்பெனி ஷிப்ட் பஸ், ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் நிற்கிறது. அன்று பார்த்து அங்கே புது மெஷினுக்குப் பூஜை. பட்டு வேட்டியும் மஞ்சள் தேங்காயுமாக ஒருவன் இறங்கினால் செக்யூரிட்டி என்ன செய்வான், பூஜைக்கு வந்தவர் என்று சல்யூட் அடித்து உள்ளே அனுப்பிவிட்டான். மேனேஜர் முதல் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறார்கள். நான் கற்பூரம் காட்டி அந்தத் தேங்காயை மெஷின் முன்னால் உடைத்தேன். சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, கம்பெனிக் காரில் வல்லக்கோட்டையில் கொண்டு வந்து விட்டார்கள். அதற்குள் உன் மாமா தாரை வார்த்து முடித்துவிட்டார். மகளைக் கொடுக்கப் போனவன் மெஷினைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று முடிப்பேன், அந்த இடத்தில் சிரிப்பு அடங்க இரண்டு நிமிஷம் ஆகும்.

அன்றும் ஆயிற்று. சந்தனமாரி என்று ஒரு பெண், சங்கரன்கோவில் பக்கம், போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் இருக்கிறாள், ஹாஸ்டல். ஊரில் அவள் அப்பா குடிக்கிறார், என்ன செய்வதென்று கேட்க வருகிறாள், வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் போய்விடுவாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கின பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "ஐயா, அந்நேரம் அந்தக்கா எங்க நின்னுக்கிட்டிருந்தாவ?" பஸ்ஸின் நம்பர் எனக்கு ஞாபகம் இருக்கிறது, சல்யூட் அடித்தவன் பெயர் ஞாபகம் இருக்கிறது, பொங்கலில் எத்தனை முந்திரி இருந்தது என்றுகூடச் சொல்வேன். நீ எங்கே நின்றாய் என்று அந்தக் கதையில் வராது. தெரியாதம்மா, நான்தான் தூங்கிவிட்டேனே என்றேன்.

கலை, எனக்குத் தெரியும். இனி எழுதுவதில் அடித்தல் இருக்காது, இதை நாலு தாளில் எழுதிப் பழகிவிட்டு எழுதுகிறேன். நான் பஸ் மாறி ஏறவில்லை. அதன் முன்கண்ணாடியில் கம்பெனி பெயர் எழுதியிருந்ததை நன்றாகப் பார்த்துத்தான் ஏறினேன். ஆறு மணிக்கே கடைக்குப் பின்னால் போய்க் குடித்தேன், உன் மாமா வாடகை பஸ்ஸோடு வருவது தெரிந்தது, வாய் நாற்றத்தோடு அவர் முன்னால் நிற்கப் பயந்து, பக்கத்தில் எது நின்றதோ அதில் ஏறி ஒளிந்தேன். அந்த பஸ் ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. நான் தூங்கவில்லை. வல்லக்கோட்டைக் கூட்டு ரோட்டில் நீ நின்றாய். கல்யாணப் புடவை, கழுத்தில் மாலை, பக்கத்தில் உன் ஹாஸ்டல் சிநேகிதி சந்திரலேகா உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோயிலை விட்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்து, போகிற பஸ் ஒவ்வொன்றாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் பஸ்ஸையும் பார்த்தாய். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து சீட்டுக்குக் கீழே போனேன். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிரைவர் நிறுத்தியிருப்பார். நான் சொல்லவில்லை. கூட்டு ரோடு தாண்டின பிறகுதான் தலையைத் தூக்கினேன். பிறகு அதைத் தூங்கிவிட்டதாகச் சொன்னேன், சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததால் திரும்பத் திரும்பச் சொன்னேன். நீ ரோட்டில் நின்றதை ஊர் சிரிக்கிற கதையாக ஆக்கி, அதில் உன்னை இல்லாமல் செய்துவிட்டேன். என் மகளே, நான் செய்தது இது. என்னை மன்னித்துவிடு.

இதை உன் அம்மாவிடம் முதலில் சொன்னேன், அவளும் பட்டியலில் இருக்கிறவள்தானே. தீபாவளிக்கு மறுநாள் அவள் மிச்ச மாவில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். "அப்ப தூங்கல" என்றாள். இல்லை என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, சோறு போடும்போது தட்டு மட்டும் பேசியது. நாலாம் நாள் பேசினாள். தை மாதம் பிரசவத்துக்கு இங்கே வரட்டுமா என்று நீ இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாயாம், இதை எழுதினால் வரவே மாட்டாய், எழுத வேண்டாம் என்றாள். உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருக்கிற ஆசையை இங்கே எழுதினால் அது கேட்கிற மாதிரி ஆகிவிடும், அந்தோணிராஜ் ஒத்துக்கொள்ள மாட்டார். நாலைந்து நாள் யோசித்தேன். நான் தூங்கிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு நீ என் வீட்டுக்குள் வந்தால், நான் இன்னும் அந்த சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறேன். எழுதத்தான் போகிறேன் என்று சொன்னேன். நேற்று சாயந்திரம் வேலை விட்டு வந்தால் என் டைரி மேல் ஒரு தபால் உறை இருந்தது, தபாலாபீசுக்கு அவளே போய் வாங்கி வந்திருக்கிறாள். பெரிய உறை, நான் சுருக்கமாக எழுத மாட்டேன் என்று தெரிந்து வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லிவிட்டேன். இனி நீ விசாரித்தால் விசாரித்தாள் என்று சொல்லட்டும், விசாரிக்காவிட்டால் விசாரிக்கவில்லை என்றே சொல்லட்டும், என் பேருக்கு அவள் பொய் சொன்னது போதும். இன்று காலை நீ போன் பேசின பிறகு வந்து, "இன்னிக்குக் கேக்கல" என்றாள். கஷ்டமாகத்தான் இருந்தது. சாப்பாடு இறங்கியது, பயப்படாதே.

பிரசவம் எங்கே என்பது உன் இஷ்டம், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அங்கேதான் என்றால் அம்மாவை இரண்டு மாதத்துக்கு ரயில் ஏற்றிவிடுகிறேன், என் சாப்பாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேச இடம் வைக்காமல் சமையல் கற்றுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் நானே குழம்பு வைத்து அம்சவல்லி வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அவளே வந்து, தெருவில் நின்று, குழம்பில் உப்பில்லை என்று நாலு வீடு கேட்கச் சொன்னாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் பார்த்ததே இல்லை, பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளை உன் மாதிரி நேர்பார்வையோடு பிறக்க வேண்டும், என் வாய் மட்டும் அதற்கு வரவேண்டாம் என்று முருகனிடம் தனியாக வேண்டியிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே, தண்ணீரோடு போடு. குடத்தைத் தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும், கம்பெனியில் அவர் தூக்குவதை விட அது கனமில்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு.

கடைசியாக ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். தை மாதமோ, அடுத்த வருஷமோ, பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகோ, என்றைக்காவது நீ வருவதாக இருந்தால் எந்த நாள் என்று அம்மாவிடம் மட்டும் சொல், நேரம்கூடச் சொல்ல வேண்டாம். பென்னலூர் பஸ் நிறுத்தத்தில் விடிந்ததிலிருந்து நான் இருப்பேன். நீ ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டாம், போகிற பஸ் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்கிற வேலை இந்தத் தடவை என்னுடையது. நீ என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாலும் சரி, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அடுத்த பஸ்ஸைப் பார்ப்பேன். ஊரே சொல்லிவிட்டது அம்மா, கோதண்டம் நிற்கிறான் என்று. நிற்பேன்.

உன் அப்பா,
கோதண்டம்.